மணிக்கு 22 டாலர் என்ற அந்தக் கணக்கு

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. சான் ஹோசே பக்கம் வேலை. ஆறு வாரமாகச் சனி ஞாயிறுகளில் ஒரு கார்டு ரூமில் (காசு வைத்துச் சீட்டாடும் கிளப்) ஒன்று–மூன்று நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் மேசையில் உட்காருகிறார், அதாவது பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் முதலில் கட்டாயமாக வைக்கவேண்டிய காசு 1 டாலர், 3 டாலர். மொத்தம் 50 மணி நேரம் ஆடியதில் 1,100 டாலர் லாபம், அதாவது மணிக்கு 22. மாதம் 60 மணி நேரம் ஆடினால் 1,300 டாலருக்கு மேல் வருமே, அதை வைத்துப் புதுக் காரின் மாதத் தவணையைக் கட்டலாமா, இரண்டு–ஐந்து மேசைக்கு ஏறினால் இன்னும் சீக்கிரம் சேருமா, புதிதாக ஆடுகிறவர் எவ்வளவு எதிர்பார்ப்பது நியாயம் என்று கேட்கிறார்.

தம்பி, சூது கூடாது என்று பாடம் எடுக்க நான் வரவில்லை. நானே 2014லிருந்து ஆடுகிறவன், 2016லிருந்து ஒரு கணக்கு நோட்டும் வைத்திருக்கிறேன். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன், கார் தவணைக்கு இந்தக் காசை நம்பாதீர்கள். உங்கள் ஆட்டம் மோசம் என்று சொல்லவில்லை, நான் உங்கள் ஆட்டத்தைப் பார்த்ததே கிடையாது. 50 மணி நேரத்தை வைத்து உங்கள் ஆட்டம் நல்லதா மோசமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எட்டு வருடமாக அங்கேயே ஆடுகிறாரே ஒருவர், அவருக்கு வேண்டுமானால் ஓரளவு தெரிந்திருக்கும், அவர் சொல்லமாட்டார்.

50 மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்போம். டீலர் சுறுசுறுப்பாக இருந்தால் நேரடி மேசையில் மணிக்கு 30 கை ஓடும் (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை), ஆக 1,500 கை. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறைதான் வரும், அப்படியானால் இத்தனை நாளில் ஏழு தடவை பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு ஜோடி கையில் விழுவது 17க்கு ஒன்று, சுமார் 88 தடவை. அந்த ஜோடி ஃப்ளாப்பில், அதாவது நடுவில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், செட் ஆவது (அதே எண் மூன்றாவதும் விழுவது) எட்டரைக்கு ஒன்று, எனவே ஏறக்குறைய பத்து செட். இந்தப் பத்தில் இரண்டு தடவை எதிராளி மேசைக்குக் கொண்டுவந்த முழு 300 டாலரையும் உள்ளே தள்ளியிருந்தால் 600 வந்துவிட்டது, உங்கள் லாபத்தில் பாதிக்கு மேல் அதுதான். யோசித்துப் பாருங்கள், நீங்கள் சொல்லும் 1,100 டாலர் எத்தனை கையிலிருந்து வந்தது? ஐந்தா, ஆறா? மற்ற 1,490 சொச்சம் கை கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று கழிந்து போயிருக்கும். அந்த ஐந்தாறில் இரண்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.

இன்னும் கொஞ்சம் கணக்காகச் சொல்கிறேன், பள்ளியில் படித்த திட்ட விலக்கம்தான். நோ-லிமிட் ஹோல்டெமில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் சுமார் 90 பிக் ப்ளைண்ட் (அந்தக் கட்டாயக் காசு இரண்டில் பெரியது) என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மணிக்கு 30 கை என்றால் அது ஒரு மணி நேரத்துக்கு 50 பிக் ப்ளைண்டுக்குப் பக்கத்தில் வரும். உங்கள் மேசையில் பிக் ப்ளைண்ட் 3 டாலர், ஆக மணிக்கு 150 டாலர் மேலும் கீழும். நேரம் கூடக் கூட இது வர்க்கமூலமாகத்தான் வளரும், 50 மணி நேரத்துக்கு சுமார் 1,060 டாலர். உங்கள் லாபம் 1,100. லாபமும் வேண்டாம் நஷ்டமும் வேண்டாம் என்று சரிக்குச் சரியாக ஆடுகிற ஒருவர், வெறும் சீட்டு விழுந்த விதத்தில் மட்டும், 50 மணி நேரத்தில் 1,100 டாலரோ அதற்கு மேலோ கொண்டுபோக ஆறேழில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மணிக்கு 5 டாலர் இழக்கிற ஆள்கூட, பத்துப் பேரில் ஒருவர் என்ற கணக்கில், இதே 1,100ஐப் பார்த்திருப்பார். அவரும் இப்போது கார் விலை விசாரித்துக்கொண்டிருப்பார்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. முதல் 50 மணியில் 1,100 டாலர் விட்டவர் யாரும் 'மாதம் எவ்வளவு சம்பாதிக்கலாம்' என்று கேட்பதில்லை. அவர் போக்கரை விட்டுவிட்டு சனிக்கிழமை பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகிறார். கேள்வி கேட்க மிஞ்சுவது ஜெயித்தவர்கள் மட்டும்தான், அதனால் ஆரம்பத்தில் எல்லோரும் ஜெயித்துக்கொண்டே இருப்பது மாதிரி ஒரு தோற்றம்.

சரி, அப்படியானால் எத்தனை கை ஆடினால் தெரியும்? இதற்கு அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. 2015ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தார் கிளாடிகோ என்ற கணினி நிரலை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு பிட்ஸ்பர்க்கில் உள்ள ரிவர்ஸ் கேசினோவில் மோதவிட்டார்கள், ஒருவருக்கு ஒருவர் நோ-லிமிட், 80,000 கை. சீட்டு அதிர்ஷ்டத்தைக் குறைக்க ஒரு ஏற்பாடும் செய்தார்கள். ஒரு மேசையில் மனிதருக்கு விழுந்த அதே சீட்டு இன்னொரு மேசையில் கணினிக்கு விழும். முடிவில் மனிதர்கள் 7,32,713 டாலர் மதிப்புள்ள சிப் (காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) கூடுதலாக எடுத்து முன்னிலையில் இருந்தார்கள். அப்படி இருந்தும் பல்கலைக்கழகம் அதை, புள்ளியியல்படி பார்த்தால் சமம் என்றுதான் சொன்னது. அதில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கோபம், அது வேறு கதை. 2017 ஜனவரியில் லிப்ராட்டஸ் என்ற அடுத்த நிரலோடு திரும்பி வந்தபோது 1,20,000 கை ஆடினார்கள், 20 நாள் ஓடியது, கணினி 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள சிப் வித்தியாசத்தில் ஜெயித்தது, அப்போதுதான் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

சீட்டைக் கண்ணாடி பிம்பம் மாதிரி மாற்றிப் போட்டும்கூட 80,000 கை போதவில்லை. மணிக்கு 30 கை வீதம் நீங்கள் 80,000 கை ஆட 2,600 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாதம் 60 மணி என்றால் மூன்றரை வருடத்துக்கும் அதிகம். நீங்கள் ஆறு வாரத்தில் முடிவுக்கு வந்துவிட்டீர்கள்.

அடுத்தது மேசையிலிருந்து கார்டு ரூமுக்குப் போகிற காசு. புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, என்னைக் கேட்டால் சீட்டு அதிர்ஷ்டத்தைவிட இதுதான் முக்கியம். கலிபோர்னியாவில் பாட், அதாவது ஒரு கையில் எல்லோரும் வைத்த மொத்தப் பந்தயக் காசு, அதில் இத்தனை சதவீதம் என்று எடுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, கைக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயித்த தொகையைத்தான் எடுப்பார்கள். வேறு மாநிலங்களில் சதவீதம், அதற்கு ஒரு உச்சவரம்பு. நான் ஆடுகிற இடத்தில் ஜாக்பாட்டுக்கு எடுப்பதையும் சேர்த்தால் கைக்கு 6 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். டீலர் அதை மேசையில் இருக்கிற பிளவுக்குள் தட்டிவிடும் சத்தம் கூடக் கேட்காது. ஆனால் மணிக்கு 30 கை, 180 டாலர். ஒன்பது பேர் மேசையில் தலைக்கு 20 டாலர். பாட் ஜெயித்தால் டீலருக்கு ஒரு டாலர் டிப், மணிக்கு மூன்று பாட் ஜெயித்தால் மூன்று டாலர். 30 டாலர் பாட் ஒன்றை நீங்கள் ஜெயித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு கார்டு ரூம்காரனுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வட்டிக்கடையில்கூட இப்படி நடக்காது.

இப்போது ஒரு சின்ன கூட்டல் கழித்தல் செய்யுங்கள், எந்த ஆய்வும் தேவையில்லை. மேசையில் ஒன்பது பேர் சேர்ந்து மணிக்கு 180 டாலர் இழந்தே ஆகவேண்டும், யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும். அதில் இரண்டு பேர் மணிக்கு 10 டாலர் ஜெயிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் மற்ற ஏழு பேர் சேர்ந்து 200 டாலர் விடவேண்டும், ஆளுக்கு 28 டாலருக்கு மேல். மணிக்கு 22 ஜெயிக்கும் ஆள்கள் இரண்டு பேர் என்றால் ஏழு பேரும் ஆளுக்கு 32 டாலர். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 256 டாலர். வாரா வாரம் அப்படி விட்டுவிட்டு அடுத்த வாரமும் சிரித்துக்கொண்டு வருகிற ஏழு பேர் உங்கள் மேசையில் இருக்கிறார்களா? சில சனிக்கிழமை இரவுகளில் இருப்பார்கள், ஒத்துக்கொள்கிறேன், பக்கத்தில் ஃபுட்பால் மேட்ச் முடிந்த ராத்திரிகளில் குறிப்பாக. செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு ஏஸ் ஜோடிக்குக் காத்திருப்பார்கள்.

ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து ஆடுகிறவருக்கு இந்தச் செலவு 20ஐ விடக் குறைவுதான், ஏனென்றால் காசு பாட்டிலிருந்து போகிறது, பாட் ஜெயிக்கிறவன்தான் கட்டுகிறான். எனக்கு மணிக்கு 12 அல்லது 13 இருக்கும் என்பது என் ஊகம். என்றாலும் கையில் 10 டாலர் மிஞ்ச வேண்டுமானால் எதிரே இருப்பவர்களிடமிருந்து 25 டாலர் அளவுக்கு எடுக்கவேண்டியிருக்கிறது. போக்கர் திறமை விளையாட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்வேன், உள்ளே வெளியே மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை இது. ஆனால் திறமையால் ஜெயிக்கக்கூடிய ஆட்டம் என்பது ஒன்று, அந்தத் திறமை நம்மிடம் இருக்கிறது என்பது இன்னொன்று, ஒன்று–மூன்று மேசையில் உட்காருபவர்கள் முதலாவதைக் கேட்டதுமே இரண்டாவதையும் சேர்த்து நம்பிவிடுகிறார்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பச்சை அட்டை போட்ட நோட்டு, தேதி, எத்தனை மணி நேரம், எவ்வளவு வைத்து உட்கார்ந்தேன், எவ்வளவோடு எழுந்தேன், கடைசிப் பத்தியில் 'தூக்கம்' என்று ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. ஒன்பது வருடத்தில் 2,140 மணி நேரம், லாபம் 17,900 டாலர். மணிக்கு எட்டு டாலர் சொச்சம். 2025ல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி 16 டாலர் 50 சென்ட், பெரிய பர்கர் சங்கிலிக் கடைகளில் 2024 ஏப்ரலிலிருந்து 20 டாலர். பெட்ரோல், அங்கே சாப்பிடும் பத்து டாலர் நூடுல்ஸ் எதையும் நான் கழிக்கவில்லை. இத்தனைக்கும் நான் அந்த மேசையில் ஜெயிக்கிற பக்கம் இருக்கும் ஆள், புத்தகம் வாசித்தவன், மென்பொருளில் கைகளைப் போட்டுப் பார்த்தவன், வாரத்தில் மூன்று நாலு மணி நேரம் படிப்புக்கே செலவழித்தவன். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் வரும் எண்ணை நான் எழுதப்போவதில்லை.

அந்த எட்டு டாலர் சொச்சமும் உறுதியான எண் இல்லை. 2,140 மணி நேரத்துக்குத் திட்ட விலக்கம் சுமார் 6,900 டாலர். அப்படியானால் என் உண்மையான விகிதம் மணிக்கு 2 டாலராகவும் இருக்கலாம், 15 டாலராகவும் இருக்கலாம். ஒன்பது வருடம் எழுதி வைத்த பிறகும் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

ஒரே ஒரு கையை விவரமாகச் சொல்கிறேன், இந்த எண்களெல்லாம் மேசையில் எப்படி இருக்கும் என்று தெரியும். என் கையில் இரண்டு ஏழு. நான்கு பேர் உள்ளே. ஃப்ளாப்பில் ஏஸ், ஏழு, இரண்டு, மூன்றும் வேறு வேறு சின்னம். இதைவிட நல்ல ஃப்ளாப் கிடையாது. எதிரே அறுபத்தைந்து வயது இருக்கும் ஒரு வியட்நாமிய அம்மா, பச்சை டீ ஃப்ளாஸ்க் எப்போதும் முழங்கைப் பக்கத்தில் இருக்கும், அவர் ரெய்ஸ் செய்து பந்தயத்தை ஏற்றுகிறார், நான் மறுபடி ரெய்ஸ், அவர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். பாட்டில் 660 டாலர். திருப்பினால் அவரிடம் ஏஸ் – ராஜா. இந்த இடத்தில் அவர் ஜெயிக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்புக்கூடக் கிடையாது. டர்ன், அதாவது நடுவில் விழும் நான்காவது சீட்டு, ஒரு ஏஸ். மேசையில் யாரோ 'ஓ' என்றார்கள். ரிவர், அதாவது ஐந்தாவது கடைசிச் சீட்டு, இரண்டு. அவருக்கு மூன்று ஏஸும் ஒரு ஜோடி இரண்டும். எனக்கு மூன்று ஏழு, இரண்டு ஏஸ், அவர் கைதான் பெரிது. அவர் என்னைப் பார்த்து 'சாரி' என்று சொல்லி, டீலருக்கு 5 டாலர் சிப் ஒன்றைத் தட்டிவிட்டு, டீயை ஊற்றிக்கொண்டார். 660 டாலரை என் விகிதத்தால் வகுத்தால் 79 மணி நேரம், எனக்கு அது நான்கு மாத ஆட்டம். இரண்டு சீட்டு திரும்பிய நேரம் ஆறு விநாடி இருக்குமா? நான் அந்தக் கையைச் சரியாகத்தான் ஆடினேன், நாளைக்கும் அப்படியேதான் ஆடுவேன், ஆனால் அந்த மாதத்தில் எனக்குக் கார் தவணை இருந்திருந்தால் கட்டியிருக்க முடியாது.

புதியவர்களை ஏமாற்றுகிற இன்னொரு விஷயம், சின்ன மேசையில் எல்லோரும் எதையும் பார்க்காமல் கால் செய்வார்கள் (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகக் காசு வைப்பார்கள்), அதனால் நமக்குத்தான் லாபம் என்ற எண்ணம். நீண்ட நாளில் லாபம்தான். ஆனால் ஏஸ் ஜோடி ஒரே ஒருவருக்கு எதிராக, அவர் கையில் எது இருந்தாலும், கடைசிவரை போனால் 85 சதவீதம் ஜெயிக்கும். நான்கு பேர் கால் செய்தால் அது 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய பாதித் தடவை உடைகிற கையை வைத்துக்கொண்டு 'இன்றைக்கு நேரம் சரியில்லை' என்று புலம்புகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். பாட் பெரிதாக இருப்பதால் அது லாபமான கைதான், ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம்.

மாதா மாதம் இவ்வளவு வரவேண்டும் என்று ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் ஆட்டமே மாறிவிடும், நான் பயப்படுவது அதற்குத்தான். 2017ல் நான் வீட்டில் வாயை விட்டுவிட்டேன், இந்த வருடம் ஊருக்குப் போகிற விமான டிக்கெட் என் போக்கர் காசில் என்று. முதல் மூன்று மாதம் 2,800 டாலர் லாபம், சும்மா இருக்க முடியுமா? அடுத்த நான்கு மாதத்தில் 4,300 போயிற்று. அதில் பாதி சீட்டு, மீதிப் பாதி நான். டிக்கெட் விலை ஏறுவதற்குள் மீட்டுவிட வேண்டும் என்று வார நாளில் கூடப் போனேன், விடிகாலை நாலு மணிவரை உட்கார்ந்தேன், நோட்டில் தூக்கம் என்ற பத்தியில் வரிசையாகப் பெருக்கல் குறி. 200 டாலர் நஷ்டத்தில் எழுந்திருக்க வேண்டிய ராத்திரியில் 700 ஆன பிறகு எழுந்தேன். கடைசியில் என் மனைவி, "டிக்கெட்டை நான் சம்பளத்துல போட்டுட்டேன், நீங்க போய்த் தூங்குங்க" என்றாள். அவளுக்கு போக்கரில் எது பெரிய கை என்றுகூடத் தெரியாது.

நீங்களும் நோட்டு வையுங்கள், ஆனால் ஒழுங்காக. எனக்குத் தெரிந்த ஒருவர் செல்போன் ஆப்பில் எழுதி வருகிறார், வருடம் 9,000 டாலர் லாபம் என்று காட்டினார். விசாரித்தால், ஏடிஎம்மில் எடுத்து இரண்டாவது தடவை பை-இன் (மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை) போட்டதை எழுதவில்லை, 'சும்மா இரண்டு மணி நேரம்' போய்வந்த நாள்களை எழுதவில்லை, லாஸ் வேகஸ் போன பயணத்தை விடுமுறைச் செலவில் போட்டிருக்கிறார். பொய் சொல்கிறார் என்று சொல்லமாட்டேன், மனசு தோற்றதை மறந்து தொலைக்கிறது. உங்கள் 1,100ல் இப்படி எதுவும் விட்டுப்போகவில்லையே?

டோர்னமெண்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். 2003ல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மனிமேக்கர் என்ற கணக்கர், பெயரே அப்படித்தான், 86 டாலர் ஆன்லைன் தகுதிப் போட்டியில் ஜெயித்து போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டிக்குப் போய் 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் எடுத்தார். அடுத்த வருடமே 2,576 பேர் வந்துவிட்டார்கள். 2024ல் 10,112 பேர். ஒவ்வொருவருக்கும் நுழைவு 10,000 டாலர், முதல் பரிசு ஒரு கோடி டாலர், ஆனால் பரிசு வாங்குவது சுமார் 15 சதவீதம் பேர்தான், அதிலும் பரிசுப் பட்டியலின் அடியில் இருப்பவருக்கு 15,000, அதாவது 5,000 லாபம். பத்துப் பேரில் எட்டரைப் பேர் சல்லிக்காசு இல்லாமல் வீட்டுக்குப் போகிற ஆட்டம் அது. உள்ளூர் 150 டாலர் டோர்னமெண்டிலும் கதை இதேதான், தொகைதான் சின்னது. நன்றாக ஆடுகிறவரும் இருபது முப்பது தடவை தொடர்ந்து வெறுங்கையோடு வருவார். திரையில் பார்க்கிற பெரிய ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் பங்கை நண்பர்களுக்கு விற்றுவிட்டுத்தான் உட்காருகிறார்கள், பரிசுத்தொகை முழுவதும் அவர்கள் பைக்குப் போவதில்லை.

வரியையும் மறக்காதீர்கள். அமெரிக்காவில் சூதாட்ட வருமானத்துக்கு வரி உண்டு, நஷ்டத்தைக் கழிக்க வேண்டுமானால் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும், நிலையான கழிவை எடுக்கும் சம்பளக்காரருக்கு அது பெரும்பாலும் கட்டுபடியாகாது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி 2026லிருந்து நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். 20,000 ஜெயித்து 20,000 தோற்றாலும் 2,000 டாலர் வருமானம் வந்ததாகத்தான் கணக்கு. சென்னையில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, அங்கே நிலைமையே வேறு. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் மாநிலச் சட்டத்தின் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தது, ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. அதனால் 'அமெரிக்காவில் இருக்கும் மாமா சொன்னார்' என்று எந்த ஆப்பிலும் பணம் போட்டுவிடாதீர்கள்.

சரி, புதியவர் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் வருடம் தோற்பீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10, 15 டாலர் போகும், சில மாதம் வரும், மொத்தத்தில் போகும். கோல்ஃப் ஆடுகிறவர் மைதானத்துக்குக் கட்டுகிறாரே அந்த மாதிரி ஒரு செலவு, வருடத்துக்கு இத்தனை என்று ஒதுக்கி, அது தீர்ந்தால் அடுத்த ஜனவரிவரை நிறுத்திவிட வேண்டும். ஒழுங்காகப் படித்து ஆடினால் இரண்டாம் வருடத்தில் கையைக் கடிக்காமல் இருக்கலாம், அதாவது கார்டு ரூம் எடுக்கும் காசு, டிப் எல்லாம் போகச் சமம். சமம் என்றால் கேவலமாக நினைக்காதீர்கள், மேசையில் மற்ற ஆறேழு பேரை நீங்கள் முந்திவிட்டீர்கள் என்று பொருள். அதற்குப் பிறகும் ஆர்வம் தீராமல் ஆடினால் மணிக்கு 5லிருந்து 10 டாலர்வரை வரலாம். 15 என்றால் மிக நல்ல ஆட்டம், நான் நேரில் பார்த்தவர்களில் அப்படி இரண்டு பேர்தான், அந்த இருவருக்குமே வேறு வேலை இருக்கிறது.

தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள், குறைந்தது இருபது பை-இன், உங்கள் மேசைக்கு 6,000 டாலர். வாடகைக் கணக்கிலோ, ஊருக்கு அனுப்பும் பணத்திலோ கை வைக்கக்கூடாது. இப்போது கையில் இருப்பது 1,100 மட்டும் என்றால் நான்கு பை-இன்கூட இல்லை, நல்ல ஆட்டக்காரரே ஒரு மோசமான மாதத்தில் அதைத் தாண்டி விடுவார்.

இரண்டு–ஐந்து மேசை பற்றிக் கேட்டீர்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன், கைக்கு எடுக்கும் காசு ஏறக்குறைய அதேதான், பாட் பெரிது, அதனால் விகிதத்தில் இலேசு. ஆனால் ஒன்று–மூன்றில் ஜெயித்து மேலே ஏறியவர்கள் எல்லோரும் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பை-இன் 500, ஏற்ற இறக்கம் மணிக்கு 250 டாலர். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 700 டாலர் மேலோ கீழோ போவது அங்கே தினசரி விஷயம். 500 மணி நேரம் ஒன்று–மூன்றில் ஆடி, அப்போதும் லாபத்தில் இருந்து, 10,000 டாலர் தனியாக இருந்தால் ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். இப்போது போனால் நீங்கள் ஆறு வாரம் சேர்த்தது இரண்டு பை-இன்னும் ஒரு பிரியாணியும்தான், சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் பிரியாணிக் காசு மட்டும் மிஞ்சலாம்.